வால்டன் படித்து முடித்தேன், ஏமாந்த மாதிரி இருக்கிறது

பனங்கருப்பட்டி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, மூன்று வாரமாகப் பிள்ளைகள் தூங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, தோரோ என்ற அமெரிக்க எழுத்தாளர் குளக்கரைக் குடிலில் வாழ்ந்ததைப் பற்றி எழுதிய வால்டன் புத்தகத்தைப் படித்து நேற்றிரவு முடித்தேன். முடித்த கையோடு தோரோவைப் பற்றி இணையத்தில் தேடினேன். தேடாமல் படுத்திருக்கலாம்.

1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை, இரண்டு வருடம் இரண்டு மாதம் இரண்டு நாள், மனுஷன் காட்டில் தன்னந்தனியாக வாழ்ந்தார் என்று ஒரு சித்திரம் மனதில் இருந்தது. பார்த்தால் அந்த வால்டன் குளம் அவருடைய ஊரான கான்கார்டிலிருந்து ஒன்றரை மைல்தான். நிலம் அவருடைய நண்பரும் எழுத்தாளருமான எமர்சனுடையது. அடிக்கடி அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். துணியும் வீட்டில்தான் துவைத்துக் கொடுத்தார்களாம்.

இன்னொன்று புத்தகத்திலேயே உறுத்தியது. குடிலுக்குப் பலகை வேண்டும் என்று, ரயில் பாதையில் வேலை பார்த்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துக்காரரின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு வாங்குகிறார். விடிகாலை ஐந்து மணிக்கு அவர்கள் காலி செய்துவிட வேண்டும், ஆறு மணிக்கு இவர் கைக்கு வரும். ஆறு மணிக்கு இவர் போகிற வழியில் அந்தக் குடும்பம் எதிரே வருகிறது. படுக்கை, காப்பிக்கொட்டை அரைக்கிற மில், முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள், மொத்தச் சொத்தும் ஒரே மூட்டைக்குள். பூனை மட்டும் கூட வரவில்லை. இவர் அதைச் சொல்லிவிட்டு, பலகைகளைப் பிரித்து வெயிலில் பரப்பினேன் என்று அடுத்த வேலையைச் சொல்லப் போய்விடுகிறார். எளிய வாழ்க்கைக்கு ஒருத்தர் வீட்டைப் பிரித்த பலகையா?

அப்புறம், இதற்கெல்லாம் பின்னால் டிரான்சென்டென்டலிசம் என்று ஒன்று இருக்கிறதாமே. எமர்சன் கட்டுரை ஒன்றை எடுத்தேன், இரண்டாம் பக்கத்திலேயே தலை சுற்றிவிட்டது. யாராவது சமையல் குறிப்பு மாதிரி சொல்லுங்களேன்.

சும்மா_ஒருவன்

நண்பர் நிலம், அம்மா சாப்பாடு, வரி பாக்கி. எங்கள் சித்தப்பா ஒருத்தர் அச்சு அசல் இப்படித்தான். அவரை யாரும் தத்துவவாதி என்று சொல்வதில்லை.

மெய்ப்பொருள்67

சமையல் குறிப்பாக வராது, ஆனாலும் பார்க்கிறேன்.

முதலில் பெயர். சிலர் ஆழ்நிலைவாதம் என்று எழுதுகிறார்கள். கேட்டதும் மகேஷ் யோகியின் ஆழ்நிலை தியானம் நினைவுக்கு வந்துவிடும். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. கடந்தநிலைவாதம் என்றால் எதைக் கடந்தது என்ற கேள்வி வரும். டிரான்சென்டென்டலிசம் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களுக்கே அந்தப் பெயர் முழுக்கப் பிடித்ததில்லை. பாதி கேலியாக ஊரார் ஒட்டியது.

1830களின் பாஸ்டன். ஹார்வர்டில் யூனிடேரியன்களின் கை ஓங்கியிருந்த காலம். திரித்துவம் வேண்டாம், பிறவிப் பாவம் வேண்டாம், எல்லாம் அறிவுக்கு ஒத்துவர வேண்டும் என்ற மிதமான கிறிஸ்தவம். அவர்கள் அறிவு என்று சொன்னது ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் சொன்ன அறிவு: பிறக்கும்போது மனம் வெற்றுத்தாள், தெரிவதெல்லாம் கண் காது வழியாக வருவது. சரி, அப்படியானால் மதத்துக்கு என்ன சான்று? இயேசுவின் அற்புதங்களைக் கண்ணால் கண்டவர்களின் சாட்சியம். இளம் போதகர்களுக்கு இது சப்பென்று இருந்தது. பதினெட்டு நூற்றாண்டுக்கு முன்னால் யாரோ பார்த்ததை நம்பித்தான் எனக்குக் கடவுள் தெரிய வேண்டுமா, எனக்குள்ளேயே தெரியாதா என்று கேட்டார்கள். எல்லாம் அங்கே தொடங்கியதுதான்.

டிரான்சென்டென்டல் என்ற சொல்லைக் கொடுத்தவர் ஜெர்மன் தத்துவவாதி காண்ட். காலம், இடம், காரண காரியம் ஆகிய சட்டங்களை மனமே கொண்டுவருகிறது, அந்தச் சட்டத்துக்குள் விழுவதைத்தான் அறிகிறோம் என்றார் அவர். ஆனால் இந்தக் கூட்டத்தில் பலர் காண்டை நேராகப் படித்தவர்கள் இல்லை. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் நூலை 1829இல் ஜேம்ஸ் மார்ஷ் என்பவர் வெர்மான்ட்டில் பதிப்பித்தார். அது வழியாக வந்து சேர்ந்தது. கோல்ரிட்ஜ் புத்தியை இரண்டாகப் பிரித்தார்: கணக்குப் போடுகிற புத்தி ஒன்று, உண்மையை நேரே பார்க்கிற உள்ளறிவு ஒன்று. புலனுக்கு அப்பால் உள்ளதை அறிய முடியாது என்றுதான் காண்ட் கதவைச் சாத்தினார். இவர்கள் அதே சொல்லை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்கள். காண்ட் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

எமர்சனின் முதல் மனைவி எல்லென் 1831இல் காசநோயில் இறந்தார், பத்தொன்பது வயது. அடுத்த வருடம், நற்கருணைச் சடங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லி பாஸ்டன் சபையின் போதகர் வேலையை எமர்சன் விட்டார். 1836இல் ‘இயற்கை’ என்ற சின்னப் புத்தகம், பெயர் போடாமல். அந்தச் செப்டம்பரில்தான் நண்பர்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள், டிரான்சென்டென்டல் கிளப். 1838 ஜூலையில் ஹார்வர்டின் இறையியல் பள்ளியிலேயே போய் நின்று, மழை பெய்வதோடும் புல்வெளி பூப்பதோடும் ஒட்டாத அற்புதம் எனக்கு வேண்டாம் என்கிற தொனியில் பேசினார். அதன் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் ஹார்வர்ட் அவரைப் பேசக் கூப்பிடவில்லை.

அம்மா வீட்டுச் சாப்பாடு பற்றி: தனியாக இருப்பது என்றால் அவர்களுக்கு யாரையும் பார்க்காமல் இருப்பது இல்லை. தனக்காக யோசிக்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுக்காமல் இருப்பது.

பனங்கருப்பட்டி

சார், இது புரிகிறது. எமர்சனே இப்படி எழுதியிருக்கலாம்.

ஐஸ்ஹவுஸ்காரன்

நம் ஊர் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. நான் திருவல்லிக்கேணி. தினமும் பஸ்ஸில் “ஐஸ் அவுஸ் இறங்கு” என்று கேட்டு வளர்ந்தவன். மெரினா எதிரே இப்போது விவேகானந்தர் இல்லம் என்று இருக்கிற கட்டடம், 1840களில் பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் ஐஸ் வைக்கக் கட்டியது. அமெரிக்கக் குளங்களில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டிக் கொண்டுவந்தார்கள். வால்டனிலேயே தோரோ எழுதியிருக்கிறாரே, மெட்ராஸ், பம்பாய், கல்கத்தாவில் வெயிலில் வேகிறவர்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று! ஆகவே நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் வெள்ளைக்காரத் துரைகள் விஸ்கியில் போட்டுக் குடித்தது வால்டன் குளம்.

தறிநூல்

ஐஸ்ஹவுஸ்காரரே, அழகான கதையைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். அதே அத்தியாயத்தை ஒரு பக்கம் முன்னால் போய்ப் படியுங்கள். 1846-47 குளிர்காலத்தில் நூறு அயர்லாந்துக்காரர்கள் வந்து வால்டனில் பனி அறுத்தது உண்மை. நல்ல நாளில் ஆயிரம் டன் எடுத்தார்களாம். பத்தாயிரம் டன் இருக்கும் என்று மதித்த பெரிய குவியலை வைக்கோலும் பலகையும் போட்டு மூடி வைத்தார்கள். அடுத்த ஜூலையில் கொஞ்சம் எடுத்துப் போனார்கள். மீதி அங்கேயே வெயிலில் கிடந்து, 1848 செப்டம்பரில்தான் முழுசாகக் கரைந்தது. குளம் தன்னுடையதில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது என்று அவரே முடிக்கிறார். மெட்ராஸ் வரி அவருடைய கற்பனைக் குதூகலம். டியூடர் அனுப்பியது பெரும்பாலும் வேறு குளங்களின் பனி.

ஐஸ்ஹவுஸ்காரன்

வாபஸ். ஆனால் கட்டடம் உண்மை. 1897இல் விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கேதான் தங்கினார், அதையாவது விட்டுவையுங்கள்.

காட்டுப்புறா

நான் இதைச் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் கணினி வேலையை விட்டுவிட்டு, சிறுமலைப் பக்கம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் போனோம். நானும் மனைவியும் மூன்று வயதுப் பெண்ணும். தாங்கியது பதினான்கு மாதம். நான் காலையில் எழுந்து மூடுபனியைப் பற்றி முகநூலில் எழுதுவேன், நானூறு லைக் விழும். மோட்டார் காயில் எரிந்துபோன அந்த இருபத்தோரு நாளும் கீழ்க்கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தது என் மனைவி. அதைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை என்பதை அவள்தான் பிறகு காட்டினாள். திட்டக்கூட இல்லை, போனை எடுத்து வரிசையாகத் தள்ளிக் காட்டினாள்.

அதற்கப்புறம்தான் ஃபுரூட்லாண்ட்ஸ் பற்றிப் படித்தேன். எமர்சனின் நண்பர் பிரான்சன் ஆல்காட்டும் சார்லஸ் லேன் என்ற ஆங்கிலேயரும் 1843 ஜூனில் தொடங்கிய பண்ணை. இறைச்சி, பால், முட்டை கிடையாது. மாட்டை உழவுக்குப் பூட்டுவதும் பாவம். அடிமைகள் பறித்தது என்பதால் பருத்தித் துணி கிடையாது, லினன்தான். எல்லாம் கேட்க உயர்வாக இருக்கிறது. அறுவடை நேரத்தில் ஆண்கள் பிரசங்கம் செய்யக் கிளம்பிவிட்டார்கள். புயல் வருகிறது என்று ஆல்காட்டின் மனைவி அபிகேலும் பிள்ளைகளும் கூடையிலும் படுக்கை விரிப்பிலும் பார்லியை அள்ளி உள்ளே சேர்த்தார்கள். 1844 ஜனவரியில் கடை மூடிவிட்டது. அங்கே போனபோது பத்து வயதாக இருந்த மகள் லூயிசா மே ஆல்காட் பின்னாளில் பெரிய எழுத்தாளராகி, 1873இல் இதைக் கிண்டலாகக் கதை எழுதினார். வந்த விருந்தாளி, இந்தப் பண்ணையில் சுமை இழுக்க விலங்கு ஏதாவது உண்டா என்று கேட்பார். அம்மா பதில் சொல்வாள்: ஒரே ஒரு பெண் இருக்கிறாள்.

என் மனைவிக்கு அதைப் படித்துக் காட்டினேன். கதையில் வருகிறவள் பரவாயில்லை, அவளுக்குக் கேட்க ஒரு விருந்தாளியாவது வந்தான் என்றாள்.

சும்மா_ஒருவன்

இந்த இழையின் சிறந்த பதிவு காட்டுப்புறாவின் மனைவியுடையது.

வடக்குத்தெரு

ஐயாமார்களே, முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். வரி கட்டாமல் ஜெயிலுக்குப் போய் அதை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்துதான் காந்தி சத்தியாகிரகத்தையே எடுத்தார். அது ஒன்று போதாதா?

மெய்ப்பொருள்67

தம்பி, பாடப் புத்தகங்களிலேயே அப்படி வருவதால் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காந்தி அதை மறுத்திருக்கிறார். தென்னாப்பிரிக்கப் போராட்டம் தொடங்கியது 1906. தோரோவின் கட்டுரைச் சுருக்கம் காந்தியின் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் வந்தது 1907. அந்தக் கட்டுரை கைக்கு வரும் முன்பே எங்கள் எதிர்ப்பு வெகுதூரம் போயிருந்தது என்று 1935இல் கோதண்ட ராவுக்கு எழுதிய கடிதத்தில் தெளிவாகச் சொல்கிறார். தோரோவை மதித்தார், மேற்கோள் காட்டினார், அவர் சொல்லைக் கொஞ்ச காலம் பயன்படுத்தினார். விதை அங்கிருந்து வரவில்லை.

தறிநூல்

பனங்கருப்பட்டியின் கேள்விக்கே வருகிறேன், எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டீர்கள்.

தோரோ ஏமாற்றவில்லை. முதல் அத்தியாயத்தில் கணக்கு எழுதுகிறார் அல்லவா: குடில் 28 டாலர் 12½ சென்ட், எட்டு மாதச் சாப்பாடு 8 டாலர் 74. ஹார்வர்டில் ஒரு மாணவன் அறைக்கு மட்டும் வருடத்துக்கு 30 டாலர் கொடுக்கிறான் என்று ஒப்பிட்டும் காட்டுகிறார். அந்தக் கணக்குக்கு நடுவில் ஒரு துணை வாக்கியம் உண்டு: சலவையும் தையலும் பெரும்பாலும் வெளியே நடந்தன, அவற்றுக்கான பில் இன்னும் வரவில்லை.

இதை நான் நாலைந்து தடவை படித்தபோதும் கண்ணில் படவில்லை. அரைச் சென்ட்டைக்கூட விடாமல் எழுதுகிறவர், சலவைக்கு மட்டும் தொகை போடவில்லை. துவைத்தது அம்மாவா, வீட்டில் வேலைக்கு இருந்த பெண்ணா என்றும் சொல்லவில்லை. ஆனால் பில் என்று ஒன்று உண்டு, அது வர வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. மறைப்பவன் இந்த வரியையே எழுதமாட்டான். இருந்தும் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார். காலின்ஸ் வீட்டு மூட்டையையும் இப்படித்தான்: பார்க்கிறார், எழுதுகிறார், நிற்கமாட்டேன் என்கிறார்.

இப்போது அந்தப் பெண்களைப் பாருங்கள். கான்கார்டில் பெண்கள் அடிமை எதிர்ப்புச் சங்கம் 1837இல் தொடங்கியது. தோரோவின் அம்மாவும் சகோதரிகளும் அதில் இருந்தார்கள். எமர்சனின் இரண்டாவது மனைவி லிடியனும் இருந்தார். அதே நேரத்தில் எமர்சன் என்ன செய்துகொண்டிருந்தார்? ‘தன்னம்பிக்கை’ கட்டுரையில், அடிமை முறை ஒழிந்த பார்படாஸ் தீவின் செய்தியைத் தூக்கிக்கொண்டு வருகிற அடிமை ஒழிப்புக்காரனைப் பார்த்து, முதலில் உன் குழந்தையை நேசி, உனக்கு விறகு வெட்டுகிறவனை நேசி என்று எரிச்சலோடு எழுதுகிறார். அது 1841. அடிமை முறைக்கு எதிராக அவர் பெரிய உரை நிகழ்த்துவது 1844 ஆகஸ்ட் 1. கூப்பிட்டது அந்தப் பெண்கள் சங்கம். தேவாலய மணியை அடிக்க ஆள் வரவில்லை, தோரோ போய்க் கயிற்றை இழுத்தார். இரண்டு வருடம் கழித்து அதே சங்கம் ஆண்டுக் கூட்டத்தை எங்கே நடத்தியது தெரியுமா? வால்டன் குடில் வாசலில். அந்தத் தனிமைக் குடில்தான்.

ஜெயில் கதையும் அப்படித்தான். 1846 ஜூலையில் செருப்புத் தைக்கக் கொடுத்ததை வாங்க ஊருக்குள் போனவரைப் பிடித்தார்கள். சில வருட வரி பாக்கி. அடிமை முறையைக் காக்கிற அரசுக்குக் கட்டமாட்டேன் என்றார். ஒரே இரவு. யாரோ பணம் கட்டிவிட்டதால் மறுநாள் காலை வெளியே விட்டார்கள், இவருக்கோ கோபம். கட்டியது அவருடைய அத்தை மரியா என்றுதான் பெரும்பாலும் நம்புகிறார்கள். வெளியே வந்தவர் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு காட்டுப்பழம் பறிக்கப் போய்விட்டார்.

அந்தப் பில்களைப் பெண்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள் என்பது என் வாதம். மார்கரெட் ஃபுல்லர் 1840இல் இந்த இயக்கத்தின் ‘டயல்’ பத்திரிகைக்கு முதல் ஆசிரியர். பேசிய சம்பளம் கைக்கு வரவில்லை. இரண்டு வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு எமர்சனிடம் கொடுத்தார். பாஸ்டனில் எலிசபெத் பீபாடியின் புத்தகக் கடையில் பெண்களை உட்காரவைத்து அவர் நடத்திய உரையாடல் வகுப்புகளை நான் எமர்சனின் மேடைகளுக்கு மேலாகவே வைப்பேன். நீ நினைப்பதை வாய்விட்டுச் சொல், பிறகு அதை நிறுவு என்று கேட்கிற வகுப்பு. தன் மனதே தனக்கு அதிகாரம் என்ற கொள்கையைப் பெண்ணுக்கும் பொருத்தினால் என்ன ஆகும் என்று 1845இல் புத்தகமாகவே எழுதினார். 1850இல் இத்தாலியிலிருந்து கணவர், குழந்தையோடு திரும்பும்போது நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் தீவருகே கப்பல் தரைதட்டி உடைந்தது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். மூவரும் போய்விட்டார்கள். கையெழுத்துப் பிரதி ஏதாவது ஒதுங்கியிருக்குமா என்று தேட எமர்சன் அனுப்பிய ஆள் தோரோ. மணலில் நடந்து தேடினார், கிடைக்கவில்லை.

மெய்ப்பொருள்67

அம்மா, எமர்சன் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கவிடுங்கள். தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்கச் சொல்கிற சட்டம் 1850இல் வந்தபோது, இந்த அசிங்கத்துக்குக் கடவுள் சத்தியமாகக் கீழ்ப்படியமாட்டேன் என்று நாட்குறிப்பில் எழுதினார், பிறகு மேடையிலும் பேசினார். 1851 அக்டோபரில் தப்பி வந்த ஒருவரை தோரோவின் வீட்டில் தங்கவைத்து, பணம் திரட்டி, ரயிலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். உள்ளே கேட்கிற குரல்தான் மேலான சட்டம் என்ற கொள்கை அங்கே வேலை செய்தது. தாமதமாகத்தான் வேலை செய்தது, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி. இவர்கள் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1785இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த கீதையைப் படித்தவர்கள். தோரோ வால்டனில் அதைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். எமர்சன் 1857இல் ‘பிரம்மா’ என்று ஒரு கவிதை வெளியிட்டார், கொல்கிறவன் தான் கொல்வதாகவும் கொல்லப்பட்டவன் தான் கொல்லப்பட்டதாகவும் நினைத்தால் இருவருக்கும் தெரியவில்லை என்ற கருத்து. பத்திரிகைகள் கிண்டல் செய்து தீர்த்துவிட்டன.

வடக்குத்தெரு

அப்படியானால் அவர்கள் நம் ஞானத்தில்தான் நின்றார்கள்!

தறிநூல்

கொஞ்சம் பொறுங்கள். டயலில் 1842இல் கீழை நாட்டு நூல்கள் என்று ஒரு பகுதி தொடங்கினார்கள். முதலில் போட்டவற்றில் மனு தர்மப் பகுதியும் ஒன்று. தோரோ தன் முதல் புத்தகத்தில் மனுவை வாயாரப் புகழ்கிறார்.

பனங்கருப்பட்டி

மனுவையா? அடிமை முறையை எதிர்த்தவரா?

தறிநூல்

அவர்தான். அதிகாலைக் காற்று, மலையுச்சி, ஆதி காலத்துக் குரல் என்று படித்தார். அந்தச் சட்டம் யார் முதுகில் விழுந்தது என்று கேட்க அவருக்கு அங்கே யாரையும் தெரியாது. கான்கார்டிலோ கேட்கச் சொல்ல வீட்டிலேயே ஆட்கள் இருந்தார்கள். இன்னும் சொன்னால், வால்டன் காட்டிலேயே முன்னாளில் வாழ்ந்த விடுதலை பெற்ற கறுப்பினத்தவர்களை, கேட்டோ, ஜில்ஃபா, பிரிஸ்டர் ஃப்ரீமன் என்று பெயர் சொல்லி ஒரு அத்தியாயத்தில் எழுதியவர்தான் அவர். அவர்கள் வீடுகள் இருந்த இடத்தில் மிஞ்சிய குழியையும் தூர்ந்த கிணற்றையும்கூடக் காட்டுகிறார். தெரிந்த மண் என்றால் பார்வை வேறாக இருக்கிறது.

சும்மா_ஒருவன்

வால்டனுக்குப் போவதற்கு முந்தைய வருடம் மீன் சமைக்க அடுப்பு மூட்டி முந்நூறு ஏக்கர் காட்டை எரித்ததையும் யாராவது எழுதுங்கள். ஊரில் ரொம்ப நாள் காட்டை எரித்தவன் என்றுதான் பெயராம். இயற்கையின் காதலர்!

காட்டுப்புறா

அதே முதல் புத்தகம் ஆயிரம் பிரதி அச்சாகி 706 திரும்பி வந்தது. வீட்டில் ஏறக்குறைய 900 புத்தகம் இருக்கிறது, அதில் 700க்கு மேல் நானே எழுதியவை என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரிக்காக அவரை மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

பனங்கருப்பட்டி

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை முதல் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்தேன். தறிநூல் சொன்ன சலவை வரி அங்கேயேதான் இருக்கிறது. முதல் தடவை பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்திருக்கிறேன். மேலே கோடு, கீழே கோடு, நடுவில் அந்த வரியில் இல்லை.

காலின்ஸ் பகுதியையும் திரும்பப் பார்த்தேன். இவர் பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற இடைவெளியில், நேராக இருந்த ஆணிகளையெல்லாம் பக்கத்து அயர்லாந்துக்காரர் ஒருவர் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாராம். அதையும் விடாமல் எழுதியிருக்கிறார். சிரித்துவிட்டேன். இந்த வாரம் ஃபுல்லரைத் தேடி எடுக்கப் போகிறேன்.

ஐஸ்ஹவுஸ்காரன்

ஒரு சந்தேகம், முதல் பதிவிலிருந்தே கேட்க நினைத்தது. அந்தப் பூனை என்ன ஆனது?

தறிநூல்

காட்டுக்குள் போய்க் காட்டுப்பூனை ஆகிவிட்டது. பிறகு வேறு பிராணிக்கு வைத்த பொறியில் கால் வைத்துச் செத்துப்போனது. அதையும் விசாரித்து எழுதியிருக்கிறார்.